ஒரு கவுண்ட் முந்தி வந்தவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் என் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தால், "இங்க ஒரே மழைக்கா" என்று நீ வானிலைக்குப் போய்விடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் படி. பவர் கூடியிருந்தால் எழுது, இங்கேயே போட்டு அனுப்புகிறேன்.

முதலில் கடைச் செய்தி. எங்கள் கண்ணாடிக் கடையில் முன்பக்கம் உட்காரும் பெண் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். பின்னறையில் லென்ஸ் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னை முதலாளி முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார். இத்தனை வருஷம் மிஷினோடு மட்டும் பேசிப் பழகியவளுக்கு மனிதர்களோடு பேசுவது முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது என் வாயை மூடத்தான் ஆள் வைக்க வேண்டும் என்கிறார் உன் அத்தான்.

அங்கேதான் இந்தக் கதை ஆரம்பம். ஒருவர் வந்து லென்ஸ் துடைக்கிற துணி கேட்டார். ஒன்றிரண்டு இல்லை, கை நிறைய. மறுவாரமும் வந்தார். மூக்கில் கண்ணாடி கிடையாது. எனக்குப் பொறுக்குமா? "கண்ணாடியே போடாம எதைத்தான் தொடைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்து, "ரெக்கார்டு தொடைக்கம்மா. வேற துணின்னா கீறல் விழுந்துடும்" என்றார். தெருமுனைப் பல் டாக்டர் அவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் கிளினிக்கில் கொஞ்சம் பேர் கூடிப் பழைய இசைத்தட்டுகள் கேட்பார்களாம். என்ன இசை என்றேன். ஜாஸ் ஃப்யூஷன் என்றார். எனக்குப் புரியாது என்று நினைத்து, ஜாஸில் ராக் வந்து கலந்தது, மின்சாரக் கிதார் வந்தது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்க ஆரம்பித்தார். "தெரியும் டாக்டர். என் தம்பி அதைத்தான் வாசிச்சிட்டிருந்தான். அக்கம்பக்கத்துல எல்லாரும் ஜன்னலைச் சாத்திக்குவாங்க" என்றேன்.

எந்தக் குழு என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். உங்கள் நாலு பேர் குழுவின் பெயரைச் சொன்னேன். துணியைக் கீழே வைத்தார். "நீல அட்டை போட்ட ரெக்கார்டு. அதுல பேஸ் கிதார் வாசிச்சது உங்க தம்பியா?" என்றார். ஆமாம் என்றதும் கண் பரிசோதனை முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். பிஸ்கட் தருவார்கள் என்று சொல்லி உன் அத்தானையும் இழுத்துக்கொண்டு போனேன். நோயாளிகள் காத்திருக்கும் அறைதான். சுவரெல்லாம் வீங்கின ஈறுகளின் படம், அறை முழுக்கக் கிராம்பு எண்ணெய் வாசனை. பத்திரிகைகள் கிடக்கும் மேசையைக் காலி செய்து அதன்மேல் ரெக்கார்டு பிளேயர். இரண்டு மூலையிலும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். இசை ஓடும்போது யாரும் பேசக்கூடாது. வாரம் முழுக்க வாயைத் திற, வாயைத் திற என்கிறவர் அன்று மட்டும் வாயை மூடச் சொல்கிறார்.

வருகிறவர்கள் எல்லாம் நம்மைப்போல் வேலைக்குப் போகிற சாதாரண மனிதர்கள், தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். கணக்கர் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவர், மாவு அரைக்கிற கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். எந்தக் கீபோர்டுக்காரர் எந்தக் குழுவை விட்டு எந்தக் குழுவுக்குப் போனார், ஏன் போனார் என்று சொந்தக்காரர் வீட்டுச் சண்டையைப் பேசுவதுபோல் பேசுகிறார்கள். எங்கேயோ ஒரு தேசத்தில் ஒரு சாக்ஸபோன்காரர் இறந்த செய்தி வந்த அன்று கணக்கர் லீவு போட்டாராம். காரணம் கேட்ட ஆபீஸில் 'நெருங்கிய உறவு' என்று எழுதிக் கொடுத்தாராம். உன் அத்தானுக்குச் சிரிப்பு வந்தது. நான் முழங்கையால் ஓர் இடி இடித்தேன். யாரும் அங்கே சிரிக்கவில்லை.

அப்புறம் உன் இசைத்தட்டைப் போட்டார்கள். நம் வீட்டுப் பிளேயர் எப்போதோ செத்துவிட்டது. எத்தனையோ வருஷம் கழித்து இப்போதுதான் கேட்கிறேன். இரண்டாம் பக்கம், அந்தப் பதினோரு எண்ணிக்கைத் தாளப் பாட்டு. டிரம்ஸ் தனியாக ஓடி, அடங்கி, நின்றது. உடனே அறையில் இருந்த அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒரு விரலைத் தூக்கினார்கள். தூக்கின அதே நொடியில் உன் கிதார் உள்ளே வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிறார்களோ என்றுகூட நினைத்தேன்.

இசைத்தட்டு நின்ற பிறகு கேட்டேன். "உங்க தம்பி ஒரு கவுண்ட், அதாவது தாளத்துல ஒரு எண்ணிக்கை, முன்னாடி உள்ள வர்ற இடம்க்கா அது" என்றாள் வேன்காரப் பெண். "நான் வண்டி ஓட்டறப்போ அந்த இடம் வந்தா ஸ்டியரிங்ல இருந்து ஒரு விரலைத் தூக்குவேன். நான் ஒருத்திதான் இப்படிக் கிறுக்குன்னு நெனச்சிட்டிருந்தேன். இங்க முதல் தடவை வந்தப்போ பார்த்தா, எல்லாரும் தூக்கறாங்க." யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். அவரவர் வீட்டில், அவரவர் தனிமையில் பழகின பழக்கமாம். அதைக் கேட்டு உன் அத்தான்கூட அடுத்த பிஸ்கட்டை எடுக்காமல் இருந்தார்.

நீ வேண்டுமென்றேதான் முந்தி வந்தாய், அது மேதைமை என்கிறார் டாக்டர். இல்லை, டிரம்ஸுக்கு நீ கொடுத்த சவால் என்கிறார் கணக்கர். என்னைக் கேட்டார்கள். நான் பிடி கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக நீ அலமாரிக் கதவில் கிதாரின் தலையைச் சாய்த்து வைத்து வாசிப்பாயே, மின்சாரம் இல்லாமலே மரம் அதிர்ந்து வீடெல்லாம் கேட்குமே, அதைச் சொன்னேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மறுநாளே மூன்று பேர் அலமாரியைப் பார்க்க வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கதவைத் தொட்டுத் தட்டிப் பார்த்தார்கள். "என் பனியன் அடுக்கி வெச்ச அலமாரிக்கு இப்படி ஒரு மரியாதையா!" என்று உன் அத்தான் மறுநாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூட விடுமுறையில் வேன்காரப் பெண் வண்டி ஓட்டுகிற பள்ளியின் அரங்கத்தில் நீங்கள் நாலு பேரும் ஒரே ஒரு தடவை சேர்ந்து வாசிக்க வேண்டுமாம். கீபோர்டுக்காரரும் சாக்ஸபோன்காரரும் சம்மதித்துவிட்டார்கள். உன் டிரம்ஸ் அண்ணனுக்கு எழுதியிருக்கிறார்கள், பதில் இல்லை. உன்னைக் கேட்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. நீ வர வேண்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லையடா. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், ஒரு கண்ணை மூடு, எழுத்தைப் படி என்பதோடு சேர்த்து உன்னைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலாளி முறைக்கிறார். முறைக்கட்டும்.

உடனே பதில் போடு.

இப்படிக்கு,
தலைகால் புரியாமல் இருக்கும்
உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதினால் நீ நாலு வரி எழுதுகிறாய். அதிலும் ஒரு வரி மழை.

கை மரத்துப்போகிறது, வாசிக்க முடியாது என்கிறாய். போன மாதம் உன் மனைவி போனில் பேசும்போது, நீ தனி ஆளாகத் துணி துவைக்கும் மிஷினை மாடிக்குத் தூக்கினாய் என்று பெருமையாகச் சொன்னாளே, அது எந்தக் கை? கிதாரை விற்றுவிட்டேன் என்கிறாய். மருமகள் என்னிடம், "அப்பா கட்டிலுக்கு அடியில ஒரு நீளப் பெட்டி இருக்கு அத்தை. திறக்கவே விடமாட்டேங்கிறாரு. ஆனா அவரு மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு எடுத்துத் துடைக்கிறாரு" என்று சொன்னாளே. பெட்டியை விற்காமல் உள்ளே இருப்பதை மட்டும் விற்க முடியுமா? அக்காவிடம் பொய் சொல்லும்போதாவது வீட்டில் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு சொல்.

பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. தன் அப்பா ஓர் இசைத்தட்டில் வாசித்தவர் என்றே அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நீ அவளுக்குச் சொல்லாமல் இருப்பதற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியும். உன் கடைசி வரியில் அதுதான் இருக்கிறது. 'அது மேதைமையும் இல்லை, சவாலும் இல்லை, வெறும் தப்பு என்று அவர்களிடம் சொல்லிவிடு. அப்புறம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்' என்று எழுதியிருக்கிறாய்.

எனக்கு மறக்குமா? ஸ்டூடியோவில் உங்களுக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறது, அடுத்த குழு வாசலில் நிற்கிறது, கடைசித் தடவையாகப் பதிவு ஓடுகிறது, நீ எண்ணிக்கையைத் தவறவிட்டு முந்தி வந்துவிட்டாய். திருத்த நேரமில்லை. அப்படியே இசைத்தட்டாக வந்துவிட்டது. முதல் கச்சேரி முடிந்த கையோடு டிரம்ஸ் அண்ணன் மேடைக்குப் பின்னால் எல்லோரையும் வைத்துக்கொண்டு, "எண்ணத் தெரியாதவன் எதுக்குடா கிதாரைத் தொடுற?" என்று கேட்டார். நீ வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாய். அடுத்த மாதமே வெளியூர் வேலைக்கு மனுப் போட்டாய். அந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போனவன் நீ.

சரி, நீ சொன்னதைத் தட்ட வேண்டாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். எழுந்து நின்று சொன்னேன். "என் தம்பி எழுதியிருக்கான். அது தப்புதானாம். எண்ணிக்கை விட்டுப்போச்சாம்" என்றேன். இத்தனை வருஷம் இவர்கள் தூக்கி வைத்திருந்ததை நானே போட்டு உடைத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. உன் அத்தான் வாசலைப் பார்த்தார், கிளம்பலாமா என்று.

டாக்டர் எழுந்து போய், அந்தப் பாட்டை மறுபடியும் போட்டார். இந்தத் தடவை அந்த இடத்துக்கு அப்புறம் வருவதைக் கேட்கச் சொன்னார். நீ முந்தி வருகிறாய். கண் சிமிட்டுகிற நேரம்தான், டிரம்ஸ் தன் தாளத்தையே நகர்த்தி உன் காலடிக்கு வந்துவிடுகிறது. பின்னாலேயே கீபோர்டு. அப்புறம் சாக்ஸபோன். நாலு பேரும் எதுவுமே நடக்காததுபோல் ஓடுகிறீர்கள். இதுவரை நான் அதை இப்படிக் கேட்டதே இல்லை. பாட்டு முடிந்ததும் கணக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவரும் லென்ஸ் துணியால்தான். "தப்புன்னு தெரிஞ்சதும் இன்னும் பிடிச்சுப்போச்சும்மா" என்றார். "திட்டம் போட்டு வாசிக்க ஆயிரம் பேர் இருக்காங்க. ஒருத்தன் தடுமாறினா கூட வர்றவன் இப்படியா தாங்குவான்? என் ஆபீஸ்ல நான் ஒரு எழுத்து தப்பு விட்டா, பக்கத்துல இருக்கறவன் என்னைக் காட்டிக்கொடுக்க ஓடறான்."

வேன்காரப் பெண் உன் பாகத்தை முழுக்கப் பழகி வைத்திருக்கிறாள். சொந்தமாகப் பேஸ் கிதார் வைத்திருக்கிறாள். நீ வரவில்லை என்றால் இவள் வாசிக்கட்டும் என்று டாக்டர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். அவளோ, "அந்த இடத்துல நான் முந்தி வந்தா அது நடிப்பு சார். அவரு முந்தி வந்ததுதான் நெசம்" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

ஆக, நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். பலன் நீ நினைத்ததற்கு நேர் எதிர். இனி என்னைக் குறை சொல்லாதே. டிரம்ஸ் அண்ணனிடம் இருந்து இன்னும் பதில் இல்லை. டாக்டரே நேரில் போய்ப் பார்க்கப் போகிறாராம். அண்ணன் என்ன சொல்வாரோ தெரியவில்லை. நீ யோசித்து வை. உடம்பைப் பார்த்துக்கொள். மிஷின் எல்லாம் தூக்காதே.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்டு நடந்த
உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

இந்தத் தடவை உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

டிரம்ஸ் அண்ணன் வந்திருந்தார். டாக்டர் போய் என்ன பேசினாரோ தெரியாது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளினிக் வாசலில் வந்து நின்றார். எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அந்தத் தலைமுடி எல்லாம் போய்விட்டது. முழங்காலில் ஆபரேஷன் ஆகி, ஊன்றுகோலோடு நடக்கிறார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு கையும் தொடையில் தட்ட ஆரம்பித்துவிட்டன. அது போகவில்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் மரியாதைக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆமாம், திருப்பிக்கொண்டேன். நீ மன்னித்திருப்பாய், எனக்கு அந்த அவசரம் இல்லை. நீ சாப்பிடாமல் படுத்த வீட்டில் பாத்திரத்தை மூடி வைத்தவள் நான்.

இசைத்தட்டைப் போட்டார்கள். அன்று அந்த அறையில் யாரும் பாட்டைக் கேட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டின மனுஷன், அந்த இடத்தில் என்ன செய்வாரோ! அவர் தலையைக் குனிந்தபடி இருந்தார். ஊன்றுகோல் மடியில். தன்னுடைய தனி வாசிப்பு ஓடும்போதுகூட நிமிரவில்லை. அது அடங்கியது, நின்றது. அவர் விரல் மேலே போனது.

யாரும் அவருக்குச் சொல்லவில்லை, தம்பி. டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு நான் கேட்டுவிட்டேன், சத்தியமாகச் சொல்லவில்லை என்கிறார். மற்றவர்கள் எல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததில் விரல் தூக்க மறந்துவிட்டார்கள். அந்த அறையில் அவர் ஒருவர்தான் தூக்கினார்.

பாட்டு முடிந்ததும் அவரே பேசினார். என்னைப் பார்த்துத்தான் பேசினார். "அக்கா, அன்னிக்கு அவனை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ரெக்கார்டு கெட்டுப்போச்சுன்னு கோவம். அதுக்கப்புறம் இந்தப் பாட்டை எத்தனையோ பேரோட வாசிச்சுட்டேன். எல்லாரும் சரியா வருவாங்க. அந்த இடம் வந்தா டிரம்ஸ் பெடல்ல இருக்கற என் கால் மட்டும் அவனுக்காக முந்திப் போயிடும். என்னாலதான் அவங்களுக்கெல்லாம் தாளம் தப்பும்" என்றார். ஊன்றுகோலைக் கையில் எடுத்துக்கொண்டே, "அவன் வந்தா வாசிக்கறேன். வேற யார் வந்தாலும் எனக்கு வேண்டாம்" என்றார். முழங்கால் தாங்குமா என்று டாக்டர் கேட்டார். "அவன் உள்ள வர்ற வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் என்ன ஆனா என்ன?" என்றார்.

உன் சார்பில் மன்னிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் கிளம்பும்போது படியில் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். உன் அத்தான், மீதி இருந்த பிஸ்கட்டை எல்லாம் பொட்டலம் கட்டி அவர் பையில் போட்டார். அவரால் முடிந்தது அதுதான்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். உன் சம்பளம் கூடினபோது சந்தோஷப்பட்டேன், நீ வீடு வாங்கினபோது சந்தோஷப்பட்டேன். இது வேறு. நான் பார்த்திராத மனிதர்கள், உன்னைப் பார்த்திராதவர்கள், வண்டி ஓட்டும்போதும் கணக்கு எழுதும்போதும் பல் பிடுங்கும்போதும் உன் விரலுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அவர்கள் சந்தோஷமாக இருந்த ஒவ்வொரு தடவையும் நீ அங்கே எதற்கோ வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாய். இது அநியாயமா இல்லையா, நீயே சொல். இரண்டு பக்கமும் எனக்குத் தெரிந்திருந்தும் இதை ஒன்று சேர்க்க எனக்குக் கிடைத்தது இந்தப் பேனா ஒன்றுதான்.

அரங்கம் உறுதியாகிவிட்டது. விடுமுறை தொடங்கும் வாரம். ஒத்திகைக்கு முன்கூட்டியே வர வேண்டும் என்று கீபோர்டுக்காரர் சொல்கிறார். வாசித்து நாளாகிவிட்டது, விரல் ஓடாது, நடுவில் நிற்கும் என்று நீ சொல்லப்போகிறாய். நிற்கட்டும். டிரம்ஸ் அண்ணனுக்கு முழங்கால் தாங்காது, சாக்ஸபோன்காரருக்கு மூச்சு தாங்காது, உனக்கு விரல் ஓடாது. நாலு பேரும் சரியாக வாசிப்பதைக் கேட்க இங்கே யாரும் வரவில்லை.

மருமகளுக்கும் சேர்த்து டிக்கெட் எடு. அவளை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். மேடையில் நிற்பது யார் என்று அவளுக்கு நான் சொல்லமாட்டேன். நீ வாசி, அவளே தெரிந்துகொள்வாள்.

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. நீயும் உன் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு எப்போதும். காரணம் ஒன்றும் எழுதாதே, மழை வேண்டாம், கை வேண்டாம். வருகிறேன் என்று மட்டும் எழுது. நீ முந்தி வந்தாலும் சரி, பிந்தி வந்தாலும் சரி, உன் பின்னால் வர ஆள் இருக்கிறது. வாடா, தம்பி.

இப்படிக்கு,
உன் அக்கா